குறையும் முறையும்

சுவை என்னும் சொல்லைத் தமிழர் நாவிற்கும் வைத்தனர், நூலுக்கும் வைத்தனர். பாயசத்தின் இனிமையும் சுவையே. பாட்டின் இனிமையும் சுவையே. நூலை நுகர்பவனைச் சுவைஞன் என்றே அழைக்கின்றோம். ஆதலின், உணவகம் ஒன்றைப் பற்றிய மதிப்பீட்டினை இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே வைப்பது பொருந்தாச் செயல் ஆகாது என்று எண்ணுகின்றேன். நூலைப் படித்து மதிப்பிடுகின்றவன் செய்யக்கூடிய பிழைகள் பலவற்றை உணவை உண்டு மதிப்பிடுகின்றவனும் செய்கின்றான். அவற்றுள் பெரியதொரு பிழையை நானே செய்தேன். அதனை மறைக்காது எடுத்துரைப்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

பத்துப் பேர் அமர்ந்த மேசை

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை இரவு. எங்கள் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவருக்குப் பிரிவுபசார விருந்து. இடம், கோலாலம்பூரில் உள்ள ஒரு சீன உணவகம். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. எங்களுடன் பணிபுரியும் மலாய் ஆசிரியர்களும் வருவதனால் ஹலால் சான்று பெற்ற உணவகமாகத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்துச் சீனப் பள்ளியின் தலைமையாசிரியரையும் அழைத்திருந்தோம். விருந்துக்குரிய ஆசிரியையோ முப்பது ஆண்டுகளாகச் சைவ உணவு உண்பவர். "எனக்கென்று எதுவும் தனியாக வேண்டாம், ஐயா. ஒரு கீரையும் கொஞ்சம் தௌஃபுவும் இருந்தால் போதும்" என்றார். தொலைபேசியில் உணவுக்குச் சொல்லி வைத்தவன் நான். "ஒருவருக்குச் சாயூர் மட்டும்" என்று மலாயில் சொன்னேன். அவர்களும் சரி என்றார்கள்.

வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு, பத்து நாற்காலிகள். குளிர்த்தட்டு முதலில் வந்தது. அடுத்துச் சூப்பு, வெள்ளைக்கோழி, ஆவியில் வெந்த மீன், வெண்ணெய் இறால், தௌஃபு, கைலான் கீரை, இறுதியில் மீ என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்துப் பேரும் ஒரே தட்டில் எடுத்து உண்டோம். ஆயினும், பத்துப் பேரும் ஒரே விருந்தை உண்டதாகத் தெரியவில்லை.

துணைத் தலைமையாசிரியர், கோழி வேகவில்லை என்றார். எலும்பின் ஓரம் சிவந்திருப்பதைக் காட்டினார். மூத்த ஆசிரியை ஒருவர், "சோற்றைக் கடைசியில் கொண்டுவந்தால் எதோடு சாப்பிடுவது?" என்று வருந்தினார். பினாங்கில் பிறந்த நண்பர், "இதுவா ஹொக்கியன் மீ?" என்று நகைத்தார். இளைய ஆசிரியர் ஒருவருக்குக் கூடத்தின் இரைச்சல் பொறுக்கவில்லை. மற்றொருவர், உணவில் அஜினோமோட்டோ மிகுந்துள்ளது என்றும் தமக்குத் தலை வலிக்கத் தொடங்கிவிட்டது என்றும் கூறினார். மலாய் ஆசிரியை ஒருவரோ, வெண்ணெய் இறாலைப் போன்ற ஒன்றைத் தாம் உண்டதே இல்லை என்றும் அடுத்த மாதம் குடும்பத்தோடு வருவதாகவும் சொன்னார். சீனப் பள்ளித் தலைமையாசிரியர் மீனைப் புகழ்ந்தார். மீயைப் பற்றிக் கேட்டபொழுது மட்டும் சற்றே தயங்கி, "குவாலியின் மூச்சு இதில் இல்லை" என்றார்.

அவரே சிறிது நேரத்தில் கைலானைச் சுவைத்துவிட்டு, "சிப்பிச் சாறு நல்ல தரமானது" என்று பாராட்டினார். ஓய்வு பெறும் ஆசிரியையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அவர் அந்தக் கீரையைத்தான் இரண்டு முறை எடுத்து உண்டிருந்தார். உண்பதற்கு முன்பு, பரிமாறிய இளைஞரிடம் இதில் இறைச்சி உண்டா என்று கேட்கவும் செய்தார். "தாடா டாகிங், சாயூர் சாஜா" என்பது அவ்விளைஞர் கூறிய விடை. இறைச்சி இல்லை, காய்கறி மட்டுமே என்பது அதன் பொருள். ஆசிரியை சினம் கொள்ளவில்லை. "தெரியாமல் நடந்ததுதானே, ஐயா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அதன்பின் வெறும் சோற்றையும் பழத்தையும் தவிர அவர் எதனையும் தொடவில்லை. அவருக்காக வைத்த விருந்தில் அவரே பட்டினியாக அமர்ந்திருந்தார்.

நான் வழங்கிய தீர்ப்பு

திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் என் தீர்ப்பை வழங்கினேன். "அந்தக் கடைப் பக்கமே இனிப் போகவேண்டாம். சீனர் கடையில் சைவம் என்று சொன்னால் நம்பவே கூடாது. ஏமாற்றிவிடுவார்கள்" என்றேன். பயிற்சி ஏடுகளைச் சுமந்துகொண்டு ஒரு மாணவன் வாயிலில் நின்றதை நான் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வாய்மொழிப் பயிற்சி. எனக்குப் பிடிக்காத இடம் என்பது தலைப்பு. அம்மாணவன் எழுந்து, "எனக்குச் சீனர் கடை பிடிக்காது. அவர்கள் ஏமாற்றுவார்கள்" என்றான். நீ போயிருக்கின்றாயா என்று வகுப்பாசிரியை கேட்டார். "இல்லை, டீச்சர். தலைமையாசிரியர் சொன்னார்" என்பது விடை.

இச்செய்தி என் செவிக்கு எட்டியபொழுது நான் நாணினேன். ஒரு கடையின் ஒரு தட்டுக் கீரையிலிருந்து ஓர் இனத்தின் நேர்மை வரைக்கும் ஒரே மூச்சில் தாவியவன் நான். சான்று கேட்டுப் பழக்க வேண்டிய பள்ளியில், சான்றில்லாத சொல் ஒன்று என் வாயிலிருந்தே மாணவனிடம் சென்றுவிட்டது. திறனாய்வு என்று நாம் மாணவர்க்குக் கற்பிப்பது இதுதானா? மீண்டும் அவ்வுணவகத்திற்குச் சென்று, பத்துப் பேர் கூறியவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது என்று முடிவு செய்தேன். சீனப் பள்ளித் தலைமையாசிரியரையும் துணைக்கு அழைத்தேன்.

முறையைக் குறை என்றல்

முதலில் கோழியை எடுத்துக்கொள்வோம். கண்டோனியர் செய்யும் வெள்ளைக்கோழி கொதிக்கக் கொதிக்க வேகவைக்கப்படுவதன்று. கொதிநிலைக்குச் சற்றுத் தாழ்ந்த நீரில் முழுக்கோழியை மெல்ல வேகவைத்து, உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவர். தோல் இறுகி வழவழப்பாகும்; இறைச்சி மென்மையாக நிற்கும். எலும்பின் உள்ளிருக்கும் செம்மை சில வேளைகளில் அப்படியே தெரியும். நம் வீட்டுக் கறியோ மசாலையில் நெடுநேரம் கொதித்து, இறைச்சி எலும்பை விட்டு விலகும் பதத்தில் இறக்கப்படுவது. கறியின் பதத்தை அளவுகோலாகக் கொண்டால் வெள்ளைக்கோழி என்றுமே வேகாத கோழிதான். இறைச்சியே பச்சையாக இருந்து குருதி கசிந்திருப்பின் அது குறை, உடல்நலத்திற்கும் கேடு. அன்று அவ்வாறு இல்லை. துணைத் தலைமையாசிரியர் கண்டது குறையன்று, முறை.

சோறு இறுதியில் வந்ததும் இத்தகையதே. நம் பந்தியில் சோறே நடுநாயகம். குழம்பும் கூட்டும் பொரியலும் அதற்குத் துணைகள். சீனர் விருந்தில் ஒவ்வோர் உணவும் தனித்துச் சுவைக்கப்பட வேண்டியது. சோறும் மீயும் இறுதியில் வருவது, விருந்தினர் எவரும் வயிறு நிறையாமல் எழுந்துவிடக்கூடாது என்பதற்காக. இதனை அறிந்தவர் தொடக்கத்திலேயே வெள்ளைச் சோறு கேட்டுப் பெறலாம், எவரும் மறுப்பதில்லை. நாங்கள் கேட்கவில்லை.

இரைச்சல் பற்றியும் ஒரு சொல். சீன மொழியில் விழாவின் களிப்பைக் குறிக்க 'ரெனாவ்' என்றொரு சொல் உண்டு. வெப்பமும் ஒலியும் சேர்ந்தது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். விருந்து என்றால் கூடம் கலகலக்க வேண்டும் என்பது அவர்கள் மரபு. நம் திருமணக் கூடங்களில் நாதசுவரமும் மேளமும் முழங்க, அருகிலிருப்பவரோடும் உரக்கப் பேசுகின்ற நாம் இதனைக் குறையென்று கூறுவது வியப்பே.

அடுத்தது மீ. ஒரே பெயர் மூன்று நகரங்களில் மூன்று உணவுகளைக் குறிக்கின்றது. பினாங்கில் ஹொக்கியன் மீ என்றால் இறால் தலைகளைக் காய்ச்சி எடுத்த சிவந்த சாற்றில் மிதக்கும் மீ. சிங்கப்பூரில் அது மஞ்சள் மீயும் வெள்ளை மீயும் கலந்து இறால் சாற்றில் பிரட்டிய வெளிர்நிற உணவு. கோலாலம்பூரிலோ தடித்த மீயைக் கருஞ்சோயாச் சாற்றில் புரட்டிக் கரியநிறமாக எடுப்பர். பினாங்கு நண்பர் தம் ஊர்ப் பெயரைத் தேடி வந்து எங்கள் ஊர்ப் பொருளைக் கண்டார். தலைப்பைப் பார்த்து ஒரு நூலை எதிர்பார்த்து, உள்ளே வேறொன்றைக் கண்டு சினக்கும் வாசகனின் நிலை அது. அவருடைய ஏமாற்றம் உண்மை. ஆயினும் அதற்குச் சமையற்காரர் பொறுப்பாளி அல்லர்.

சீனப் பள்ளித் தலைமையாசிரியர் அதே மீயைக் குறை கூறியது வேறு வகை. கோலாலம்பூர் முறையில் அந்த மீ பன்றிக் கொழுப்பில் வதக்கப்பட்டு, அக்கொழுப்பின் பொரிந்த துண்டுகள் தூவப்பட்டு வருவது வழக்கம். ஹலால் உணவகத்தில் அதற்கு இடமில்லை. அதனை அவர் நன்கு அறிவார். அதனைக் குறை என்று அவர் சொல்லவும் இல்லை. அவர் சொன்னது குவாலியின் மூச்சைப் பற்றி. கண்டோனிய மொழியில் 'வொக் ஹெய்' எனப்படுவது அது. கடுந்தீயில் காய்ந்த குவாலியில் சிறிதளவு உணவை இட்டு, விரைந்து புரட்டி எடுக்கும்பொழுது ஏறுகின்ற தீமணம். ஒரே நேரத்தில் பல மேசைக்கு வேண்டிய மீயை ஒரே குவாலியில் குவித்தால் குவாலியின் சூடு தணிந்துவிடும். மீ வதங்குவதற்குப் பதிலாகப் புழுங்கும். அன்றிரவு அவ்வுணவகத்தில் இரண்டு திருமண விருந்துகள் நடந்தன. பத்துப் பேர் கூறியவற்றுள் சமையலைப் பற்றிய உண்மையான குறை இது ஒன்றே. அம்மரபை உள்ளிருந்து அறிந்தவர் ஒருவரால்தான் அதனைக் காண முடிந்தது. நாங்கள் இருவரும் ஒரு புதன்கிழமை நண்பகலில், கூட்டமில்லாத வேளையில் சென்று அதே மீயைக் கேட்டோம். ஆவியோடும் தீமணத்தோடும் அது வந்தது. நண்பர் ஒன்றும் பேசாமல் தட்டைக் காலி செய்தார்.

தலைவலியின் வரலாறு

அஜினோமோட்டோவால் தலை வலித்தது என்றவரின் கூற்றைத் தனியே ஆராய வேண்டும். ஏனெனில் அது நெடுநாளாக உலகெங்கும் சீன உணவகங்களின் மீது சுமத்தப்பட்டுவரும் குற்றச்சாட்டு.

ஜப்பானிய வேதியியல் அறிஞர் கிக்குனே இக்கேடா 1908ஆம் ஆண்டில் கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதுவே அதன் தனிச்சுவைக்குக் காரணம் என்று கண்டார். மறு ஆண்டே அது உப்பு வடிவில் அஜினோமோட்டோ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த சீன மருத்துவர் ராபர்ட் ஹோ மான் குவோக், சீன உணவகங்களில் உண்டபின் தமக்குக் கழுத்து மரத்துப்போவதாகவும் நெஞ்சு படபடப்பதாகவும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழுக்கு ஒரு மடல் எழுதினார். சோயாச் சாறு, சமையல் மது, இவ்வுப்பு, மிகுதியான சோடியம் எனப் பல காரணங்களை ஐயமாகவே அவர் குறித்திருந்தார். ஆனால், 'சீன உணவக நோய்' என்னும் பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. பின்னர் நடந்த ஆய்வுகளில், உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் எது மருந்து, எது வெற்றுப்பொருள் என்பது தெரியாத வகையில் சோதித்தபொழுது, உணவில் வழக்கமாக இடப்படும் அளவில் இவ்வுப்பு அத்தகைய துன்பங்களை உறுதியாக விளைவிப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. உணவின்றி மிகுந்த அளவில் கொடுத்தபொழுது சிலருக்குச் சிறு தொல்லைகள் தோன்றியதுண்டு. அவ்வளவே. அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2020ஆம் ஆண்டில் அச்சொல்லுக்குரிய விளக்கத்தைத் திருத்தி அமைத்தது.

நண்பரின் தலைவலி பொய் என்று நான் கூறவரவில்லை. வலி அவருடையது, அதனை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால், வலி என்பது வேறு. வலிக்குக் காரணம் இன்னது என்பது வேறு. அதே நண்பர் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பொட்டலத்து மீயை உண்டு தலைவலி என்று ஒருநாளும் கூறியதில்லை. நம் இரசத்தில் கரையும் தக்காளியிலும் இயற்கையாகவே குளூட்டமேட்டு உண்டு. காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உண்ண அமர்ந்தால் எல்லா வலிக்கும் அதுவே காரணமாகத் தோன்றும். பாடலைப் படிக்கும் முன்னரே பாடியவர் இன்ன கட்சியினர் என்று தெரிந்துகொண்டு குற்றம் காணும் திறனாய்வாளர்களை நாம் கண்டதில்லையா?

கீரைத் தட்டின் வழக்கு

இனி, என் நெஞ்சை உறுத்திய கீரைக்கு வருகின்றேன். அப்புதன்கிழமை உணவகத்தின் மேற்பார்வையாளரான நடுவயது அம்மையாரை அழைத்து நடந்ததைக் கூறினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே சென்று பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்து, என் பெயரில் இருந்த பக்கத்தைக் காட்டினார். அதில் ஒரு சீன எழுத்து இருந்தது. நண்பர் படித்துப் பார்த்து, "சோய்" என்றார்.

கண்டோனிய மொழியில் 'சோய்' என்றால் காய்கறி. 'ஜாய்' என்றால் நோன்புக்குரிய சைவ உணவு. முன்னது ஒரு பண்டம். பின்னது ஒரு நெறி. நான் சொன்ன 'சாயூர்' என்னும் மலாய்ச் சொல்லும் காய்கறியைத்தான் குறிக்கும். ஒரு தட்டுக் காய்கறி கேட்டார் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்; சிறந்த முறையில் சிப்பிச் சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். அவ்வுணவகத்தின் கண்ணில் அது காய்கறியே. இளைஞர் கூறியவாறு அதில் இறைச்சி இல்லை. ஜாய் என்றோ, சிப்பிச் சாறும் கோழிச் சாறும் கூடா என்றோ சொல்லியிருந்தால் தனிக் குவாலியில், காளான் சாற்றில் சமைத்திருப்பார்கள். "ஏன் சொல்லவில்லை?" என்று அவ்வம்மையார் என்னையே கேட்டார்.

நாற்பது எழுத்துப் பிழைகளை ஒரே பார்வையில் காணும் நான், ஒரு சொல்லை இடம் அறியாது ஆண்டுவிட்டேன். சைவம் என்னும் சொல்லின் முழுப்பொருளும் சாயூர் என்னும் சொல்லில் ஏறிச் சென்றுவிடும் என்று நம்பினேன். மொழி கற்பிப்பவன் செய்யக்கூடாத பிழை அது.

கோலாலம்பூர் அண்டை வீட்டாரின் நகரம். 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி அம்பாங்கிற்குச் சென்ற சீனத் தொழிலாளரோடு இந்நகரின் வரலாறு தொடங்குகின்றது. அதனைக் கட்டி எழுப்பியவர்களுள் முதன்மையானவர் ஹக்கா இனத்தவரான கப்பித்தான் யாப் ஆ லோய். 1873ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை தோற்றுவித்த மகாமாரியம்மன் கோயில் நிற்கும் துன் எச். எஸ். லீ சாலையிலேயே சீனர்களின் குவான் டி கோயிலும் நிற்கின்றது. அடுத்த தெரு பெட்டாலிங் சாலை. மல்லிகையின் மணமும் சீன ஊதுவத்தியின் மணமும் நூறாண்டுக்கு மேலாக அங்கே ஒரே காற்றில் கலந்து வருகின்றன. குவான் இன் தெய்வத்தை வணங்கும் சீனர் பலர் மாட்டிறைச்சியை விலக்குவர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஜாய் உண்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கின்றார்கள். இத்தனை அண்மையில் வாழ்ந்தும் சோய்க்கும் ஜாய்க்கும் உள்ள வேறுபாட்டை ஐம்பது வயதைக் கடந்தபின்தான் நான் அறிந்தேன்.

அந்த ஆசிரியையையும் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு மூன்றாம் முறை சென்றேன். இம்முறை ஜாய் என்றே சொன்னேன். 'லோ ஹான் ஜாய்' என்னும் பல்காய்க் கூட்டு வந்தது. காளானும் தாமரைத்தண்டும் முட்டைக்கோசும் கண்ணாடி மீயும் சேர்ந்த உணவு. ஆசிரியை மனநிறைவோடு உண்டார். பாதியில் நிமிர்ந்து, "பூண்டே போடவில்லையே, ஐயா?" என்றார். புத்த நெறிச் சைவத்தில் பூண்டுக்கும் வெங்காயத்திற்கும் இடமில்லை என்று விளக்கினேன். "அப்படியானால் நம்மைவிட இவர்கள் அல்லவா கெட்டிச் சைவம்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டபின்தான் என் உள்ளத்தின் சுமை சற்றுக் குறைந்தது.

மெய்யான குறைகள்

இவ்வாறு கூறுவதனால் உணவகத்திற்கு நான் நற்சான்றிதழ் எழுதுகின்றேன் என்று எவரும் கருதவேண்டா. முறையைக் குறை என்பது ஒரு பிழை. குறையை முறை என்று மழுப்புவது அதற்கு இணையான பிழை.

அமர்ந்தவுடன் நிலக்கடலைத் தட்டும் ஈரத்துண்டுகளும் வந்தன. கேட்காமல் வந்தமையால் அன்பளிப்பு என்று எண்ணினோம். கணக்குச் சீட்டில் அவற்றிற்கு விலை இருந்தது. தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனி விலை. இஃது இந்நாட்டுச் சீன உணவகங்கள் பலவற்றில் உள்ள வழக்கமே. வேண்டாம் என்றால் எடுத்துச் செல்வார்கள். ஆயினும், விலைக்குரியது என்பதனை வைக்கும்பொழுதே கூறாதது குறை.

மீன் விலை அடுத்தது. உணவுப் பட்டியலில் மீனுக்கு எதிரே அன்றைய விலை என்று மட்டுமே இருந்தது. இத்தகைய உணவகங்களில் மீனை 100 கிராமுக்கு இத்தனை வெள்ளி என்று கணக்கிடுவர். 100 கிராம் 12 வெள்ளி என்றால் கேட்பதற்கு எளிது, மீன் 1.2 கிலோ நிறை இருந்தால் 144 வெள்ளி ஆகிவிடும். இதன்மேல் பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காட்டு அரசாங்கச் சேவை வரியும் சேரும். மீனின் விலை நாள்தோறும் மாறுவது இயற்கை. அதனைக் குற்றம் கூறவியலாது. நிறையையும் விலையையும் சமைக்கும் முன்னர் வந்து சொல்லாததே குற்றம். மூன்று முறை சென்றபொழுதும் நாங்கள் கேட்ட பின்னரே சொன்னார்கள்.

பரிமாறிய இளைஞரைப் பற்றியும் கூறவேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், ஒருவர் உண்ணும் முன்பு இறைச்சி உண்டா என்று கேட்டால் அக்கேள்விக்குப் பின்னால் ஒரு நெறி இருக்கும் என்று ஊகிப்பது பரிமாறுபவரின் கடமை. பல இனத்தவர் வந்து உண்ணும் நகரில் இது பயிற்சியின் ஒரு பகுதியாக இருத்தல் வேண்டும். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் வகுத்து, அனிச்சத்தினும் மெல்லியது விருந்தினர் உள்ளம் என்பதை உணர்த்தினார். விலைக்கு விற்கும் விருந்தாயினும் உண்பவரின் உள்ளம் அதே மென்மையுடையதுதான். திருமணக் கூட்டத்தின் நெருக்கடியில் பணியாளர் முகமும் சொல்லும் கடுமையாயின என்பதும், புதன்கிழமையில் அவர்களே இன்முகம் காட்டினர் என்பதும் உண்மை. நெருக்கடி ஒரு காரணம். முழுமையான சமாதானம் ஆகாது. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் விருந்துகளை ஒப்புக்கொண்டது உணவகம்தான்.

ஆக, என் மதிப்பீடு இதுதான். அவ்வுணவகம் சமைப்பதில் தேர்ந்தது. கூட்டம் மிகுந்த இரவில் மட்டும் அத்தேர்ச்சி தளர்கின்றது. உண்பவருக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்வதில் அது எந்நாளும் பின்தங்கி நிற்கின்றது. ஏமாற்றுகின்றது என்று நான் கூறியதற்குச் சான்று இல்லை. கூட்டம் குறைந்த நாளில், கேட்க வேண்டியவற்றைக் கேட்டறிந்து உண்பவர்க்கு அது நல்ல உணவகமே.

மாணவர்க்குச் சொன்னது

கோலாலம்பூரில் வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழ் 1950களின் தொடக்கத்தில் 'கதை வகுப்பு' நடத்தியதை மூத்தோர் அறிவர். சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் முன்னின்று நடத்திய அவ்வகுப்பு, கதை எழுதுவதும் மதிப்பிடுவதும் பயின்று பெறக்கூடிய திறன்கள் என்னும் எண்ணத்தை இந்நாட்டில் ஊன்றியது. சுவைப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பது அன்றே உணரப்பட்டது. நம் வகுப்பறையில் அப்பயிற்சி நடைபெறுகின்றதா? பிடித்தது, பிடிக்கவில்லை என்னும் இரு சொற்களோடு மாணவர் நின்றுவிட நாமும் மதிப்பெண் இட்டுவிடுகின்றோம்.

ஐந்தாம் ஆண்டு வகுப்பிற்குச் சென்று, நான் அன்று சொன்னது தவறு என்று மாணவர் முன்னிலையில் கூறினேன். கீரைத் தட்டின் கதையை முழுவதும் சொன்னேன். பின்னர்க் கரும்பலகையில் நான்கு வினாக்களை எழுதினேன். நீ எதிர்பார்த்தது என்ன? அதனைச் செய்தவர் செய்ய முற்பட்டது என்ன? நீ கண்ட குறைக்குச் சான்று எது? அக்குறையில் உன் பங்கு உண்டா? பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் பற்றி இந்நான்கு வினாக்களுக்கும் விடையளித்து ஒரு கட்டுரை எழுதி வருமாறு பணித்தேன்.

அன்று வாய்மொழிப் பயிற்சியில் சீனர் கடையைப் பழித்த மாணவன் மறுநாள் கட்டுரையைக் கொண்டுவந்தான். சிற்றுண்டிச்சாலையின் மீ கூறைப் போல ஆறிப்போய் இருக்கின்றது என்று தொடங்கியிருந்தான். நான்காம் வினாவின் கீழ், "மணி அடித்தவுடன் நான் பந்து விளையாடப் போய்விடுவேன். பத்து நிமிடம் கழித்துத்தான் சாப்பிட வருவேன்" என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் ஏழு இருந்தன. அவற்றைத் திருத்திய பின்னரும் அவனுக்கு முழு மதிப்பெண் அளித்தேன்.